சொந்தமா ஒரு மீடியா பிளேயர் எழுதினேன்: திரையில தெரியறதும் காதுல விழறதும் ஒண்ணா இருக்கணும்

கொஞ்ச காலமா சாயங்கால நேரத்துல உக்காந்து எனக்குன்னு ஒரு டெஸ்க்டாப் மீடியா பிளேயர் எழுதிட்டு இருந்தேன், இப்ப படம், பாட்டு, மணிக்கணக்கான சொற்பொழிவு ஆடியோ எல்லாம் தினமும் அதுலதான் ஓடுது. எது எங்க இடிச்சுது, எப்படி சரி பண்ணேன்னு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். இதே வேலையில இறங்கறவங்களுக்கு பாதி அலைச்சலாவது மிச்சமாகும்.

டீகோடர், அதாவது சுருக்கி வெச்ச ஃபைல படமாவும் சத்தமாவும் விரிக்கற பகுதி, எதையும் நான் எழுதல. அடியில ஓடறது லிப்எம்பிவி. எம்ப்ளேயர்னு 2000-ல வந்த பிளேயரோட வாரிசுதான் எம்பிவி, அதோட இஞ்சினை மட்டும் தனி லைப்ரரியா எடுத்து நம்ம ஆப்புக்குள்ள வெச்சுக்கலாம். கோடெக் வேலைய எஃப்எஃப்எம்பெக் பாத்துக்கும், சப்டைட்டில லிப்ஆஸ் பாத்துக்கும், அதுக்குள்ள எழுத்துகள கோத்து வடிவமைக்கற ஹார்ஃப்பஸ் இருக்கறதால தமிழ் கொம்பும் காலும் இடம் மாறாம வரும். மேல இருக்கற முகப்பு மட்டும் என்னோடது, பைதான்ல பைசைடு6 வெச்சு எழுதினது, ஜன்னல், பட்டன் எல்லாம் வரையற க்யூட்டி லைப்ரரிய பைதான்ல பயன்படுத்தற வழி அது. விஎல்சி இருக்கு, ஃபூபார்2000 இருக்கு, அப்புறம் எதுக்கு இன்னொண்ணுன்னு கேக்கலாம். விஎல்சி எந்த ஃபைலக் குடுத்தாலும் ஓட்டிடும், அந்த குணத்துக்கு இன்னைக்கும் ஈடு கிடையாது. நான் எழுதினது அதுகூட போட்டி போட இல்ல. நல்ல பிளேயர்ன்னா என்னன்னு வெளியில இருந்து பேசிட்டே இருக்கறதுக்கு ஒண்ணு கட்டிப் பாத்தா எந்த முடிவு எதனால எடுக்கறாங்கன்னு புரியும், அதுக்காகத்தான் ஆரம்பிச்சேன்.

கட்டி முடிச்சப்புறம் எனக்கு ஒரே அளவுகோல்தான் நிக்குது. பிளேயர் திரையில என்ன சொல்லுதோ அது அந்த நிமிஷம் நிஜமா இருக்கணும். பாஸ்ல இருக்குன்னு காட்டினா சத்தம் நின்னிருக்கணும், இன்னும் 40 நிமிஷம்னு காட்டினா 40 நிமிஷத்துல முடியணும், வால்யூம் பாதின்னு காட்டினா காதுக்கும் பாதி மாதிரி இருக்கணும். ஸ்கின், கலர், அனிமேஷன் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். 1999-ல ஆப்பிள் விட்ட குவிக்டைம் 4 பிளேயர பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும், பளபளன்னு உலோகத் தகடு மாதிரி ஜன்னல், வால்யூமுக்கு ஸ்லைடர் இல்லாம கையடக்க ரேடியோவுல வர்ற பல் சக்கரம் ஒண்ணு. விரலுக்கு வசதியான சக்கரம் மவுஸுக்கு வசதியா இருக்குமா? ஒரு இழுப்புக்கு கொஞ்சம் நகரும், விட்டுட்டு மறுபடி இழுக்கணும். அப்பவே இடைமுக ஆளுங்க அதக் கிழிச்சு எழுதினாங்க. அதே காலத்துல 1997-ல வந்த வினாம்ப் 275க்கு 116 பிக்சல்ல ஒரு குட்டி ஜன்னல்தான், ஆனா கீபோர்டோட கடைசி வரிசையில இசட், எக்ஸ், சி, வி, பி அஞ்சும் வரிசையா முந்தின பாட்டு, ப்ளே, பாஸ், ஸ்டாப், அடுத்த பாட்டு. ஜே தட்டினா பாட்டு தேடலாம். விரல் எங்க இருக்கோ அங்கயே வேலை முடிஞ்சிடும். அந்த அஞ்சு கீயையும் ஜே-யையும் அப்படியே என் பிளேயருக்கு எடுத்துக்கிட்டேன், பழகின கைக்கு புதுசா எதையும் சொல்லித்தர வேண்டாம்.

வேலைய ஆரம்பிச்ச உடனே வந்த முதல் தடங்கல் டிசைனே இல்ல, லோகேல், அதாவது எண், தேதி எல்லாம் எந்த ஊர் வழக்கப்படி எழுதணும்ங்கற அமைப்பு. க்யூட்டி ஆப் எழும்பும்போது சிஸ்டம் லோகேல எடுத்துக்கும், எம்பிவிக்கு எண் வடிவம் எந்த ஊரையும் சாராத அடிப்படை 'சி' லோகேல்ல இருந்தாத்தான் ஆகும், இல்லன்னா கிளம்பவே கிளம்பாது. க்யூட்டி அப்ளிகேஷன் உருவாக்கினதுக்கு அப்புறம், எம்பிவிய உருவாக்கறதுக்கு முன்னாடி, எண் லோகேல மட்டும் 'சி'-ன்னு மாத்தி ஒரு வரி போடணும். வரிசை முக்கியம், முன்னாடியே போட்டா க்யூட்டி வந்து திரும்ப மாத்திடும். இன்னொண்ணு, லினக்ஸோட புது திரை அமைப்பான வேலாண்ட்ல ஜன்னல் நம்பரக் குடுத்து வீடியோவ உள்ள உக்கார வைக்கற பழைய வழி ஓடாது, ரெண்டர் ஏபிஐ வழியா ஓப்பன்ஜிஎல் விட்ஜெட்லதான் வரைஞ்சாகணும். இந்த ரெண்டையும் தாண்டிட்டா படம் தெரிஞ்சிடும்.

அப்புறம் ப்ளே-பாஸ் பட்டன். இதுல என்ன இருக்குன்னு தோணும். வழக்கமா என்ன பண்ணுவாங்கன்னா, 'ஓடிட்டு இருக்கா'ன்னு முகப்புல ஒரு வேரியபிள் வெச்சு, பட்டன அழுத்தினா அதத் திருப்பிப் போட்டு ஐக்கானையும் மாத்திடுவாங்க. பட்டன் ஒண்ணே ஒண்ணுன்னா அது போதும். ஆனா பாஸ் வர்ற வழி ஏகப்பட்டது இருக்கு, ஸ்பேஸ் பார், கீபோர்டுல மீடியா கீ, ஹெட்செட் பட்டன், லினக்ஸ்ல எம்ப்ரிஸ்ங்கற பொது இணைப்பு வழியா லாக் ஸ்கிரீன்ல தெரியற கன்ட்ரோல், ஃபைல் முடிஞ்சு தானா நிக்கறது, நெட்வொர்க் ஷேர்ல இருக்கற ஃபைல் பஃபர் ஆகறதுக்காக நிக்கறது. இதுல ஏதோ ஒண்ணு அந்த வேரியபிள தொடாம விட்டா போதும், ஐக்கான் ஒண்ணு சொல்லும் ஸ்பீக்கர் ஒண்ணு சொல்லும். அதனால முகப்புல அந்த வேரியபிளே வேண்டாம்னு முடிவு பண்ணேன். பட்டன் இஞ்சினுக்கு 'பாஸ திருப்பிப் போடு'ன்னு சொல்றதோட சரி, ஐக்கான தொடாது. இஞ்சின்ல பாஸ் ப்ராப்பர்ட்டி நிஜமா மாறினதும் அது கூப்பிட்டுச் சொல்லும், அப்பதான் ஐக்கான் மாறும். யார் அழுத்தினாலும், எங்க இருந்து அழுத்தினாலும், ஒரே வழி. பஃபருக்காக நிக்கறதுக்கு தனியா ஒரு ப்ராப்பர்ட்டி இருக்கு, அதுக்கு பாஸ் ஐக்கான் காட்டாம சுத்தற வளையம் காட்டறேன், ஏன்னா அது நாம நிறுத்தினது இல்ல, திரும்பத் திரும்ப ஸ்பேஸ் தட்டினா ஓடப்போறதும் இல்ல.

இந்த கூப்பிட்டுச் சொல்ற கால்பேக் எம்பிவியோட த்ரெட்ல (முகப்போட இணையா தனியா ஓடற வேலைச்சரம்) வரும், அங்க இருந்து நேரா க்யூட்டி விட்ஜெட்ட தொட்டா சில நேரம் ஓடும், சில நேரம் பொட்டுனு விழும். சிக்னல் ஒண்ணு எமிட் பண்ணி மெயின் த்ரெட்டுக்கு அனுப்பிட்டா பிரச்சினை இல்ல.

அதிக நேரம் தின்னது சீக் பார்தான், அதப்பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லணும். க்யூட்டி ஸ்லைடர எடுத்து அப்படியே வெச்சா மூணு விஷயம் தப்பா இருக்கும். முதல்ல, பட்டையில ஒரு இடத்த கிளிக் பண்ணா அங்க போகாது, அந்தப் பக்கமா ஒரு பங்கு மட்டும் நகரும், ஏன்னா அது ஸ்க்ரோல் பாருக்கு ஏத்த பழக்கம். ஸ்டைல் ஹின்ட் ஒண்ணு இருக்கு, ப்ராக்ஸி ஸ்டைல் எழுதி இடது பட்டன் அழுத்தினா அந்த இடத்துக்கே போன்னு மாத்திடலாம். ரெண்டாவது, இழுத்துட்டு இருக்கும்போது இஞ்சின்ல இருந்து 'இப்ப நேரம் இவ்வளவு'ன்னு அப்டேட் வந்துட்டே இருக்கும், அது ஸ்லைடர பழைய இடத்துக்கு இழுக்கும், நம்ம கை புது இடத்துக்கு இழுக்கும், குமிழ் ரெண்டுக்கும் நடுவுல நடுங்கும். இழுக்கும்போது அப்டேட்ட கண்டுக்காம விடுன்னு போட்டா நடுக்கம் நிக்கும், ஆனா கைய விட்ட கணத்துல ஒரே ஒரு தடவ பின்னாடி குதிச்சிட்டு அப்புறம் புது இடத்துக்கு வரும். காரணம், சீக் இன்னும் முடியல, இஞ்சின் இன்னும் பழைய நேரத்தத்தான் சொல்லிட்டு இருக்கு. எம்பிவி சீக் முடிஞ்சு திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது 'ப்ளேபேக் ரீஸ்டார்ட்'னு ஒரு ஈவென்ட் அனுப்பும், அது வர்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் அப்டேட்ட ஏத்துக்கணும். இத செஞ்சதும் குமிழ் கையோட ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு. எத்தனையோ பிளேயர்ல அந்த சின்ன பின்குதிப்ப பாத்திருப்பீங்க, காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூணாவது கொஞ்சம் ஆழமானது. வீடியோவுல எந்த ஃப்ரேமுக்கு வேணாலும் நேரா குதிக்க முடியாது, கீஃப்ரேமுக்குத்தான் குதிக்கலாம், மத்த ஃப்ரேம் எல்லாம் பக்கத்து ஃப்ரேம வெச்சு உருவாகறது. வீடியோவ சுருக்கற எக்ஸ்264 என்கோடர்ல டீஃபால்ட்டா ரெண்டு கீஃப்ரேமுக்கு நடுவுல அதிகபட்சம் 250 ஃப்ரேம் வரைக்கும் போகலாம், 25 ஃப்ரேம் வேகத்துல அது 10 நொடி. அதாவது நீங்க 41:07-ல விட்டா படம் 40:59-ல இருந்து ஓடலாம். அந்த எட்டு நொடிய மறைச்சு ஸ்லைடர் மட்டும் 41:07-ல நிக்கற பிளேயரும் பாத்திருக்கேன், அது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். துல்லியமா போகணும்னா முந்தின கீஃப்ரேம்ல இருந்து அந்த இடம் வரைக்கும் எல்லா ஃப்ரேமையும் டீகோட் பண்ணியே ஆகணும், பழைய லேப்டாப்ல அதுக்கு நேரம் ஆகும், இழுக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் அத செஞ்சா எல்லாம் உறைஞ்சிடும். நான் வெச்ச ஏற்பாடு என்னன்னா, இழுக்கும்போது கீஃப்ரேம் சீக், கைய விட்டதும் துல்லிய சீக் ஒண்ணு. கூடவே ஒரு நேரத்துல ஒரு சீக் மட்டும்தான் இஞ்சின்கிட்ட இருக்கும், அது முடியறதுக்குள்ள கை எத்தனை இடம் போனாலும் கடைசி இடத்த மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு, முடிஞ்சதும் அத அனுப்பறேன். வரிசையில நூறு சீக் நிக்காது, விட்ட இடத்துல உடனே நிக்கும்.

இவ்வளவு செஞ்சாலும் சீக் பாருக்கு ஒரு எல்லை இருக்கு, அத கணக்கு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். 2.5 மணி நேர படம்னா 9000 நொடி. பட்டை 900 பிக்சல் நீளம்னா ஒரு பிக்சலுக்கு 10 நொடி. எவ்வளவு நிதானமா மவுஸ நகத்தினாலும் 10 நொடிக்கு கீழ போகவே முடியாது, ஒரு வசனத்த திரும்பக் கேக்க அது உதவாது. அதுக்குத்தான் அம்புக்குறி கீ. இடது வலது 5 நொடி, மேல கீழ 1 நிமிஷம், ஷிஃப்ட்டோட இடது வலது அழுத்தினா 1 நொடி, எம்பிவியோட கணக்கு அது, அனுபவத்துல வந்த நல்ல கணக்குன்னு நினைக்கிறேன், அப்படியே வெச்சுக்கிட்டேன். ஃபுல் ஸ்கிரீன்ல பட்டையோட கிளிக் ஆகற பரப்ப திரையோட கடைசி பிக்சல் வரைக்கும் இறக்கி விட்டேன், பட்டை பாக்க மெலிசாத்தான் இருக்கும், ஆனா மவுஸ கீழ தள்ளிட்டு கிளிக் பண்ணா போதும், குறி பாக்க வேண்டாம். திரை ஓரம் மவுஸுக்கு தானா தடுப்பா நிக்கும்ங்கறது 1954-ல பால் ஃபிட்ஸ் சொன்ன விதியில இருந்து கிடைக்கற பழைய பாடம், இருந்தும் பட்டைக்கு கீழ நாலு பிக்சல் சும்மா இடம் விட்டு அந்த வசதிய கெடுக்கறவங்கதான் அதிகம்.

நேரம் காட்டற எண்ணுக்கு எல்லா இலக்கமும் ஒரே அகலம் வர்ற எழுத்துரு போடுங்க, இல்லன்னா 1 வரும்போதெல்லாம் லேபிள் சுருங்கி நொடிக்கு நொடி ஆடும்.

அடுத்தது மொத்த நேரம். பழைய எம்பி3 சேகரிப்பு வெச்சிருக்கறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், ஒரு மணி நேர ஆடியோ நாலு மணி நேரம்னு காட்டும். விபிஆர்ல, அதாவது பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவுங்கறது) இடத்துக்கு இடம் மாறற மாதிரி, என்கோட் பண்ண எம்பி3-ல முதல் ஃப்ரேம்ல ஜிங் ஹெடர்னு ஒண்ணு இருக்கணும், மொத்தம் எத்தனை ஃப்ரேம்னு அதுல இருக்கும். அந்த ஹெடர் இல்லாத ஃபைல்ல, ஆரம்பத்துல கிடைக்கற பிட்ரேட்ட வெச்சு ஃபைல் சைஸ வகுத்து ஒரு உத்தேசம்தான் கிடைக்கும். ஆரம்பத்துல நிசப்தம் இருந்து முதல் ஃப்ரேம் 32 கேபிபிஎஸ், ஃபைலோட சராசரி 128-ன்னு வெச்சுக்கோங்க, நாலு மடங்கு தப்பு. அதுல சீக் பண்ணாலும் வேற எங்கயோ போய் விழும். நான் செஞ்சது: ஆடியோ ஃபைல் விவரம் படிக்கற ம்யூட்டஜன் லைப்ரரி எம்பி3-ய படிக்கும்போது பிட்ரேட் வகை நிச்சயமா தெரியலன்னா அதச் சொல்லிடும், அப்படி வந்தா நேரத்துக்கு முன்னாடி 'சுமார்'னு போட்டு எழுத்த மங்கலா காட்டறேன். பின்னணியில எஃப்எஃப்எம்பெக்கோட கூடவே வர்ற எஃப்எஃப்ப்ரோப் பாக்கெட்ட எண்ணிட்டு இருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு எம்பி3 ஃப்ரேம் 1152 சாம்பிள், அதாவது 26 மில்லி செகண்ட், பெருக்கினா சரியான நேரம் வந்துடும், 'சுமார்' மறைஞ்சிடும். நிரந்தரமா சரி பண்ணணும்னா எஃப்எஃப்எம்பெக்ல மறுபடி என்கோட் பண்ணாம காப்பி மட்டும் எடுத்தா புது ஃபைல்ல ஹெடர் எழுதிடும், ஒலித் தரத்துல ஒரு மாத்தமும் வராது.

மீதி நேரத்துலயும் ஒரு கணக்கு இருக்கு. சொற்பொழிவ 1.5 வேகத்துல கேக்கறேன், 60 நிமிஷம் பாக்கின்னு காட்டினா நிஜத்துல 40 நிமிஷம்தான். எம்பிவியிலயே வேகத்தால வகுத்த மீதி நேரம் தனி ப்ராப்பர்ட்டியா இருக்கு, எடுத்து காட்டினா போதும். வேகம் 1-ஆ இல்லாதப்ப அத பக்கத்துலயே எழுதியும் வைக்கிறேன், போன வாரம் வெச்ச வேகத்துல இன்னைக்கு பாட்டு ஓடி என்னமோ மாதிரி இருக்கேன்னு யாரும் குழம்பக்கூடாது.

வால்யூம் பத்தி. ஸ்லைடர் மதிப்ப நேரா ஒலி அலையோட பெருக்கினா 50-ல வெறும் 6 டெசிபெல்தான் குறையும், காதுக்கு வித்தியாசமே பெருசா தெரியாது, கீழ கடைசி கொஞ்ச தூரத்துலதான் எல்லா மாத்தமும் நடக்கும், ராத்திரி மெதுவா வெச்சு கேக்கறவங்க அந்த ஒரு சென்டிமீட்டர்ல திண்டாடணும். எம்பிவி அத மூணாம் அடுக்குல போடுது, 50 வெச்சா 0.125, அதாவது சுமார் 18 டெசிபெல் குறைவு, ஸ்லைடரோட முழு நீளமும் உபயோகமா இருக்கும். அதனால மேல நான் வேற வளைவு எதையும் சேக்கல, ரெண்டு வளைவு ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா திரும்ப கெட்டுடும். 100-க்கு மேல 130 வரைக்கும் போகலாம், சத்தம் கம்மியா பதிவான பழைய ஆடியோவுக்கு அது தேவைதான், ஆனா 100 தாண்டினா பட்டை நிறம் மாறும், உச்சத்துல ஒலி நசுங்க வாய்ப்பு இருக்குன்னு தெரியட்டும். பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்கறதுக்கு ரீப்ளேகெயின், 2001-ல டேவிட் ராபின்சன் முன்வெச்சது. டேக்ல (ஃபைலுக்குள்ள இருக்கற பாட்டு விவரம்) அந்த அளவு எழுதியிருந்தா எம்பிவி படிச்சிடும், டீஃபால்ட்டா அணைஞ்சிருக்கும், போட்டு விடணும். முழு ஆல்பமா ஓடும்போது ஆல்பம் மோட் போடுங்க, ஒரு ஆல்பத்துக்குள்ள மெதுவான பாட்டு மெதுவாத்தான் இருக்கணும்.

விட்ட இடத்துல இருந்து தொடர்றது எனக்கு உயிர் மாதிரி. எம்பிவியில கேப்பிட்டல் க்யூ அழுத்தி மூடினா இடத்த ஞாபகம் வெச்சுக்கும், ஆனா ஃபைலோட பாதைய வெச்சு, அதனால ஃபைல வேற ஃபோல்டருக்கு மாத்தினா மறந்துடும். நான் எஸ்க்யூலைட்ங்கற சின்ன டேட்டாபேஸ்ல தனியா வெச்சேன், அடையாளத்துக்கு ஃபைல் அளவும் முதல் 64 கேபி, கடைசி 64 கேபியோட ஹாஷும், அதாவது உள்ளடக்கத்துல இருந்து கணக்கிடற அடையாள எண்ணும். சப்டைட்டில் தேடறதுக்கு ஓப்பன்சப்டைட்டில்ஸ் பயன்படுத்தற ஹாஷும் இதே யோசனைதான், பெரிய ஃபைலா இருந்தாலும் கண் இமைக்கற நேரத்துல கணக்காயிடும், பேர மாத்தினாலும் இடத்த மாத்தினாலும் அதே ஃபைல்னு தெரியும். மூடும்போது மட்டும் எழுதினா போதாது, கரண்ட் போனா போச்சு, அதனால பாஸ் ஆகும்போதும் ஓடும்போது சில நொடிக்கு ஒரு தடவையும் எழுதறேன். திறக்கும்போது 'தொடரவா வேண்டாமா'ன்னு டயலாக் கேக்காது, தொடர்ந்துடும், கீழ ஒரு வரி மட்டும் வரும், '47:12-ல இருந்து ஓடுது, முதல்ல இருந்து வேணும்னா ஹோம் கீ'. பேச்சுன்னா ரெண்டு மூணு நொடி முன்னாடி இருந்து ஆரம்பிக்கும், பாதி வார்த்தையில இருந்து கேட்டா ஒண்ணும் புரியாது. பத்து நிமிஷத்துக்கு குறைஞ்ச ஃபைலுக்கு இது எதுவும் கிடையாது, பாட்ட யாரும் நடுவுல இருந்து கேக்க விரும்பறதில்ல.

தமிழ் ஃபைல்கள்னு வரும்போது ரெண்டு வேலை தனியா இருந்துது. 2000 வாக்குல சிடியில இருந்து எடுத்த எம்பி3-கள்ல டேக் டிஸ்கியில, அதாவது யூனிகோட் பரவறதுக்கு முன்னாடி இருந்த தமிழ் எழுத்துக் குறியீட்டுல, இருக்கும், பிளேயர் அத லத்தீன்-1-ன்னு நினைச்சு காட்டும், 'தமிழ்'ங்கற சொல்லே முக்கால் பின்னக் குறியில ஆரம்பிக்கும். டேக் எழுத்துல இந்த மாதிரி குறிகள் அடர்த்தியா இருந்தா டிஸ்கின்னு எடுத்து யூனிகோடுக்கு மாத்திக் காட்டறேன், ஆனா ஃபைல தொடறதில்ல, மாத்தி எழுதணுமான்னு முடிவு ஃபைல் வெச்சிருக்கறவங்களோடது. ரெண்டாவது அகர வரிசை. யூனிகோட் எண்படி அடுக்கினா ந-வுக்கு அடுத்து ன வந்து நிக்கும், ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவுல ஜ நுழையும், ர-வுக்கு அடுத்ததே ற. தமிழ் படிச்ச யாருக்கும் அது வரிசையா தெரியாது. க்யூட்டியில கொலேட்டர்னு ஒரு கிளாஸ் இருக்கு, தமிழ் லோகேல் குடுத்தா வல்லினம் மெல்லினம் எல்லாம் அதது இடத்துல வந்து உக்காரும், எண் மோட போட்டா பகுதி 2-க்கு முன்னாடி பகுதி 10 வர்றதும் சரியாயிடும்.

எதிர்வீட்டு அக்கா வீணை கத்துக்கறாங்க, ஒரு சங்கதிய திரும்பத் திரும்ப மெதுவா கேக்கணும், அவங்க லேப்டாப்லயும் போட்டுக் குடுத்தேன். எம்பிவியில ஏ-பி லூப் இருக்கு, ஆரம்பத்துல ஒரு தடவ எல், முடிவுல ஒரு தடவ எல், அந்தத் துண்டு மட்டும் சுத்தும். அப்ப முகப்புல அதுக்கு அடையாளம் எதுவும் இல்ல. மறுநாளே கேட்டாங்க.

“தம்பி, பாட்டு ஏன் ஒரே இடத்துல சுத்திட்டு இருக்கு? ஃபைல் கெட்டுப்போச்சா?”

“இல்லக்கா, நேத்து வெச்ச லூப் அப்படியே இருக்கு. இன்னொரு தடவ எல் அழுத்துங்க, போயிடும்.”

“அது எனக்கு எப்படிப்பா தெரியும்?”

நியாயமான கேள்வி. இப்ப சீக் பார்ல லூப் துண்டு ஆரஞ்சு நிறத்துல தெரியும், ரெண்டு முனையையும் இழுத்து நகத்தலாம், பக்கத்துல பெருக்கல் குறி ஒண்ணு, கிளிக் பண்ணா லூப் போயிடும். வேகம் 0.75-ல வெச்சாலும் ஸ்ருதி மாறாது, எம்பிவி அத தானா பாத்துக்குது. அவங்க அடுத்து கேட்டதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. பாடினவர் 5 கட்டையில (ஆர்மோனியக் கட்டைய வெச்சு சொல்ற ஸ்ருதி அளவு) பாடியிருக்கார், இவங்க வீணை 3 கட்டை, கூட வாசிக்க முடியல. ரப்பர்பேண்ட் ஃபில்டர் வேகத்த தொடாம ஸ்ருதிய மட்டும் மாத்தும், ஆனா அதுக்கு குடுக்க வேண்டியது ஒரு பெருக்கல் எண். வீணை கத்துக்கறவங்ககிட்ட 0.84-ன்னு கேக்கக்கூடாது, கட்டையத்தான் கேக்கணும். 5-ல இருந்து 3-க்கு ரெண்டு கட்டை, அப்ப நாலு அரை ஸ்வரம்னு தோணும், மூணுதான், ஏன்னா 3-க்கும் 4-க்கும் நடுவுல கறுப்பு கட்டை கிடையாது, மூன்றரைன்னு ஒரு கட்டையே இல்ல. அதனால பட்டியல்ல 1, 1.5, 2, 2.5, 3, அடுத்து நேரா 4, 4.5, 5, 5.5, 6, 6.5, 7, மொத்தம் 12. 'பாட்டு எந்தக் கட்டை', 'எனக்கு எந்தக் கட்டை'ன்னு ரெண்டு பெட்டி, மீதிய கணக்கு பாத்துக்கும், ரெண்டோட மைனஸ் 3/12 அடுக்கு, 0.841. மாத்தி வெச்சிருக்கற வரைக்கும் நேரத்துக்குப் பக்கத்துல '5→3'ன்னு தெரிஞ்சிட்டே இருக்கும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன்ல உதடும் வார்த்தையும் ஒட்டாத பிரச்சினைக்கு ஆடியோ டிலே மைனஸ்ல போகணும், சத்தம் பிந்தி வருது, அதனால அத முன்னாடி இழுக்கணும். அந்த மதிப்ப ஃபைலுக்கு இல்லாம ஹெட்ஃபோனுக்குன்னு சேமிச்சேன், கழட்டிட்டு ஸ்பீக்கருக்கு வந்தா தானா பூஜ்யம் ஆயிடும்.

இப்ப கையில இருக்கற வேலை ஸ்கிரீன் ரீடருக்கு, அதாவது திரையில இருக்கறத வாய்விட்டு படிக்கற மென்பொருளுக்கு, பிளேயர ஏத்த மாதிரி பண்றது. க்யூட்டி ஸ்லைடர் தன்னோட மதிப்ப வெறும் எண்ணாத்தான் வெளிய சொல்லும், லினக்ஸ் ஸ்கிரீன் ரீடரான ஓர்கா அத '2832'-ன்னு படிக்கும், கேக்கறவங்களுக்கு அது 47 நிமிஷம் 12 நொடின்னு எப்படி தெரியும்? மதிப்பு மாறும்போதெல்லாம் படிக்க ஆரம்பிச்சா பாட்டும் கேக்காது. ஸ்லைடருக்கு தனியா அக்சஸிபிலிட்டி இன்டர்ஃபேஸ் எழுதி, நேரத்த நிமிஷம் நொடியா குடுத்து, கீ அழுத்தி நகத்தினா மட்டும் ஒரு தடவ சொல்ற மாதிரி மாத்திட்டு இருக்கேன். லூப் துண்டு போட்டது, வேகம் மாறினது, கட்டை மாறினது இதையெல்லாமும் அதே வழியில சொல்ல வைக்கணும், நிறத்த மட்டும் நம்பி இருந்தா பாக்க முடியாதவங்களுக்கு அந்த வசதி இல்லாத மாதிரிதான். பார்வை இல்லாத நண்பர் ஒருத்தர் ஓட்டிப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார், அவர்கிட்ட குடுத்து, எது அதிகமா பேசுது எது பேசாம விடுதுன்னு கேட்டு வந்து அடுத்த பகுதிய எழுதறேன்.